பழனி மலைச் சோலை மீட்பும் அஜைல் நெறிகளும்

அஜைல் என்பது பெரிய வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்த விளைவைப் பார்த்து அடுத்ததைத் தீர்மானிக்கும் குழுப்பணி முறை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் இதன் 4 விழுமியங்களை அறிக்கையாக்கினர். அதையொட்டி 12 கொள்கைகளும் வகுக்கப்பட்டன. சூழலியலில் இதையொத்த தகவமைவு மேலாண்மை அதற்கு முன்பே உருவானது, சி. எஸ். ஹோலிங் தொகுத்த நூல் 1978-இல் அதை விளக்கியது. அஜைல் என்ற பெயர் இல்லாமலே இந்நெறிகள் செயல்பட்டதற்குப் பழனி மலையில் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலின் சோலை மீட்புப் பணி நல்ல சான்று.

விழுமியங்கள்

கருவிகளைவிட ஆட்களும் அவர்களின் கலந்துபேசலும், விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளும், ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளருடன் கூடி உழைப்பதும், வகுத்த திட்டத்தைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதும் முதன்மை பெறுகின்றன.

பழனி மலை

திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள பழனி மலையின் உயர்பகுதி, புல்வெளியும் சோலை எனப்படும் மலைக்காடும் அடுத்தடுத்து அமைந்த நிலம். சீகை எனப்படும் வாட்டில், தைலமரம், பைன் ஆகிய அயல் மரங்கள் இங்கே பெருமளவில் நடப்பட்டன. நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்ததைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2018-இல் காட்டியது.

வட்டக்கானல் பணி

1980-களில் இங்கே குடியேறிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் உள்ளூர் மக்களுடன் சேர்ந்து நாற்றங்கால் அமைத்துச் சோலை மரக்கன்றுகளை வளர்த்தனர். பின்னர் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை உருவானது. அயல் மரங்களை வெட்டிவிட்டுச் சோலைக் கன்றுகளை நடுவதே யாருக்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் சீகைத் தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருவதை இக்குழு கண்டது. மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும் சீகை விதைகள், மரத்தை வெட்டி நிலம் வெளிச்சம் பெற்றதும் கூட்டமாக முளைக்கும். வெட்டும்போது அடியில் வளரும் சோலைக் கன்றுகளும் நசுங்கும். எனவே சோலை தழைக்கும் தோட்டங்களை அப்படியே விட்டுவிட்டு, எஞ்சிய புல்வெளிக்குள் அயல் மரங்கள் பரவாமல் தடுப்பதை முதல் வேலையாக்க வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்தினர். காடு காட்டிய விளைவே திட்டத்தைத் திருத்தியது.

வரம்புகள்

மென்பொருளில் ஒரு கட்டம் சில வாரங்களில் முடியும். பிழையான பதிப்பைத் திரும்பப் பெறவும் முடியும். மலையில் விளைவு தெரியப் பல மழைக்காலங்கள் ஆகும். குறிஞ்சி பூப்பதற்கே 12 ஆண்டுகள் வேண்டும். வெட்டிய காட்டை எளிதில் திரும்பப் பெறவும் வழியில்லை. ஆகவே மென்பொருளில் விரைவுக்காக எடுக்கப்படும் சிறு அடி, இங்கே இழப்பைச் சிறிதாக வைத்திருப்பதற்காக எடுக்கப்படுகிறது. எளிதில் மீட்க முடியாத பொருளைக் கையாளும் எந்தக் குழுவுக்கும் இந்த வேறுபாடு முக்கியமானது.