கையொப்பம் யாருடையது?

என் தங்கை மகன் பிரான்சில், லியோன் நகரத்தில் கார் மெக்கானிக். போன மாதம் புதுச்சேரிக்கு வந்தவன் பர்ஸிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினான். "இது இல்லாம மின்சாரக் காரில் நான் கை வைக்கக் கூடாது, மாமா" என்றான்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் ஆகையால் எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டேன். ஆனால் கோப்புகளிலேயே காலம் தள்ளிய கண், நேராகக் கையொப்பத்துக்குப் போயிற்று. பயிற்சி கொடுத்த பள்ளியின் கையொப்பம் இல்லை. பட்டறை முதலாளியுடையது! அது ஏன் என்று தேடிப் படித்தேன்.

மின்சாரக் கார் நேற்று வந்ததல்ல. 1899-ல் பாரிஸ் அருகே அஷேரில், பெல்ஜியக்காரர் காமிய் ஜெனாட்சி மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது மின்சார வண்டியில்தான். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காத 1941-ல் பெஜோ ஒரு குட்டி மின்சாரக் கார் செய்தது. அதில் நான்கு 12 வோல்ட் பாட்டரிகள், அவ்வளவுதான். ரெனோ ஸோயியில் சுமார் 400 வோல்ட். ஆளை எடுத்துவிடும்.

தொழிலாளிக்கு மின்சாரத்திடமிருந்து பாதுகாப்பு என்று பிரான்சில் 1962 நவம்பர் 14-ல் ஓர் அரசாணை வந்தது. அதை மாற்றிய ஆணையின் தேதியும் நவம்பர் 14தான், வருஷம் மட்டும் 1988. (இந்த மாதிரிப் பொருத்தங்கள் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத்தான் கண்ணில் படும்.) பிறகு 2010-ல் வந்த ஆணை தெளிவாகவே சொல்லிவிட்டது: மின்வேலைக்கான தகுதிச் சீட்டை, அதாவது 'அபிலிதாசியோனை', வேலை கொடுப்பவரே கொடுக்க வேண்டும், ஆள் பயிற்சி பெற்றவரா என்று முதலில் அவரே உறுதி செய்துகொள்ள வேண்டும். வண்டிகளுக்கென்று 2015-ல் தனி விதிநூல் வந்தது.

அட்டையில் 'பி 2 எல்' என்றிருந்தது. பி என்றால் தாழ் அழுத்தம். பட்டறைக்காரர்கள் உயர் அழுத்தம் என்று பயப்படும் 400 வோல்ட், சட்டத்தின் கணக்கில் தாழ்வுதான்! 0 என்றால் மின்சாரம் சேராத வேலை மட்டும். 1 என்றால் சொன்னதைச் செய்பவர். 2 என்றால் வேலைக்குப் பொறுப்பாளர். எல் வண்டியைக் குறிக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, மீட்டர் வைத்து 'இல்லை' என்று பார்ப்பவருக்கு 'பி சி எல்'. அவர் அதை எழுத்தில் கொடுத்த பிறகுதான் மற்றவர் ஆரஞ்சு நிற வயரைத் தொடலாம்.

எழுத்தில் என்றதும் எனக்கு ஒரு பழைய கோப்பு ஞாபகம் வந்தது. எண்பதுகளில் நான் இருந்த அலுவலகத்தில், தினக்கூலி உதவியாள் ஒருவர் மின்பலகையில் கை வைத்து இறந்துபோனார். "மெயின் அணைச்சாச்சு" என்று யாரோ வாயால் சொல்லியிருக்கிறார்கள். யார் என்பது கடைசிவரை எழுத்தில் ஏறவில்லை. அவருக்கு அந்த வேலை தெரியுமா, அவரை அனுப்பியது யார் என்றும் யாரும் கேட்கவில்லை. 'அன்னாரின் கவனக்குறைவே காரணம்' என்று மேலிருந்து வந்த வாசகத்தை மூன்று பிரதிகள் தட்டச்சு செய்தவன் நான். அவர் மனைவி பல மாதங்கள் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். நான் தலை நிமிராமல் போவேன்.

"அட்டையையே பார்த்துக்கிட்டிருக்கீங்களே, மாமா?" என்றான் தங்கை மகன். அடுத்த வருஷம் மறுபயிற்சி, அதுக்கப்புறம் முதலாளி மறுபடி கையெழுத்துப் போடணும் என்று சொல்லி, அதை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டான்.