கைமாறிய வழி

சென்ற மாதம் கவரைப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலை ஒன்றில் முப்பது வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவர் அவர். போன வருஷம் காலமானார். விட்டுப்போனவை நாற்பத்துச் சொச்சம் புகைப்படப் புத்தகங்கள், சென்னை ஓவியர்கள் சிலரின் கோட்டோவியங்கள் பதினொன்று, எண்ணெய் வண்ணத்தில் இரண்டு. மகன் ஏலத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு அறை வீடு. ஓர் அறை முழுக்க அப்பா.

ஏலக்காரர்கள் கேட்கும் விவரங்களில் அளவு, ஆண்டு, பூச்சி அரிப்பு இவையெல்லாம் சுலபம். கடைசியில் ஒரு கட்டம் இருக்கிறது: பொருள் யார் யார் கைமாறி வந்தது என்று எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் பேனா நின்றது.

ஏலம் என்கிற சொல்லே கைமாறி வந்ததுதான். போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' தமிழில் ஏலமாயிற்று என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கிழக்கே பழவேற்காடு. முதலில் போர்த்துகீசியர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து டச்சுக்காரர். டச்சுக் கம்பெனியின் ஊர்களில் ஊழியன் ஒருவன் செத்தால் அவன் சட்டையிலிருந்து நாற்காலி வரை பட்டியலிட்டு ஏலம் போடுவது வழக்கம். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இன்னும் நிற்கின்றன. சாவும் ஏலமும் இந்தப் பக்கத்தில் புது உறவு அல்ல.

ஆனால் ஓவியம் ஏலத்தில் கோடிக்கணக்கில் போவது நம் நாட்டில் சமீபத்துச் சமாசாரம். 2019 மார்ச்சில் பம்பாயில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வங்கி மோசடி வழக்கில் சிக்கி வெளிநாடு போய்விட்ட வைர வியாபாரி நீரவ் மோடியின் ஓவியங்களை, வரி பாக்கிக்காக, வருமான வரித்துறையின் சார்பில் சாஃப்ரனார்ட் நிறுவனம் ஏலம் விட்டது. கெய்தொண்டே 1973இல் வரைந்த ஒரு படம் 25 கோடியே 24 லட்சத்துக்குப் போயிற்று. கெய்தொண்டே தன் அறையை விட்டு அதிகம் வெளியே வராத மனிதர். உருவங்களை விட்டொழித்து வண்ணத்தின் மௌனத்தை மட்டும் வைத்துக்கொண்டவர். அந்த மௌனம் இவ்வளவு சத்தத்தோடு விலைபோனதில் ஏதோ ஒரு குரூரம் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியம் அதே ஏலத்தில் 16 கோடியே 10 லட்சத்துக்குப் போன ரவிவர்மா.

அது ஒரு வரவேற்புக் காட்சி. திருவனந்தபுரத்துக்கு அரசுமுறையில் வந்த சென்னை கவர்னரை திருவிதாங்கூர் மகாராஜாவும் தம்பியும் வரவேற்கிறார்கள். விருந்தினர் பக்கிங்ஹாம் பிரபு. வருகை 1880இல், படம் அடுத்த வருஷம். ரவிவர்மாவின் படைப்புகள் நாட்டை விட்டு வெளியேற முடியாதபடி சட்டக் காப்பு பெற்றவை; ஆகவே இதுவும் இங்கேயேதான் இன்னொரு கைக்குப் போயிருக்க வேண்டும். பட்டியலில் எல்லாப் பெயரும் இருக்கிறது. வரைந்தவர், வரையப்பட்டவர், பட்டம், பதவிக்காலம். படத்தின் தலைப்பே ஒரு தாசில்தார் உத்தரவு நீளம்.

இந்தப் பிரபுவை எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வேறு விதமாகத் தெரியும். பழவேற்காடு, காட்டுப்பள்ளி, எண்ணூர் வழியாகச் சென்னைக்கு உப்பும் விறகும் படகில் போன பக்கிங்ஹாம் கால்வாய் அவர் பெயரில்தான் இருக்கிறது. வடபகுதி அவருக்கு ரொம்ப முந்தியது. 1800களின் தொடக்கத்தில் காக்ரேன் என்ற வியாபாரி வெட்டியது. 1876-78 பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். வெட்டியவர்கள் பட்டினி கிடந்தவர்கள். முழு நீளத்துக்கும் கவர்னர் பெயர் வந்தது. அந்தப் பஞ்சத்தில் நிவாரணக் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று குறைத்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். பக்கிங்ஹாமின் பெயரிலும் ரிச்சர்ட் டெம்பிள் வருகிறது. இருவரும் வேறு வேறு ஆசாமிகள். பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அந்தப் பஞ்சத்துக்கும் படம் உண்டு. வர்ணத்தில் அல்ல, புகைப்படத்தில். சென்னை ராணுவத்தைச் சேர்ந்த வில்லபி வாலஸ் ஹூப்பர், விலா எலும்பை எண்ணக்கூடிய மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்தார். அம்மா, குழந்தை, கிழவன் எல்லோரும் கேமராவுக்காக அசையாமல் இருந்திருக்கிறார்கள். அசைய அவர்களுக்கு எவ்வளவு தெம்பு இருந்தது என்பது வேறு விஷயம். அந்தப் படங்கள் இன்று மேல்நாட்டு அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களிடமும் இருக்கின்றன. எடுத்தவர் பெயர் உண்டு. படத்தில் இருக்கிறவர்கள் பெயர் இல்லை.

கைமாறிய வழியை எழுது என்று ஏலக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. திருட்டும் போலியும் அதனால் பிடிபடுகின்றன. ஆனால் அந்த வழியில் விலையை ஏற்றுகிற பெயர்கள் மட்டுமே தங்குகின்றன. மகாராஜா தங்குகிறார். வைர வியாபாரியின் பெயரும், குற்றச்சாட்டோடு சேர்ந்து, சுவாரஸ்யம் கூட்டித் தங்குகிறது.

புகைப்படப் புத்தகங்களில் இது இன்னும் அப்பட்டம். ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்' முதற்பதிப்பில் (பாரிஸ், 1958) அவர் கையொப்பம் இருந்தால் விலை வேறு. பெயர் பெற்ற இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கும் மேலே. யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அது கறை. பூச்சி அரித்த ஓட்டைக்குப் பக்கத்தில் அதையும் குறை என்று எழுத வேண்டும்.

நண்பரின் ஓவியங்களுக்கு ரசீது கிடையாது. சோழமண்டலம் 1966இல் ஏற்பட்ட பிறகும் சென்னையில் இந்தப் படங்களை வாங்குகிறவர் அரிது. இவர் மாசம் இருபத்தைந்து, முப்பது என்று தவணையில் கொடுத்து வாங்கினார். ஒரு கோட்டோவியத்துக்கு, பொங்கல் போனஸ் வரவில்லை என்று, நான்கு மாதம் நிறுத்தியும் வைத்தார். ஓவியர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை அந்தக் கட்டத்தில் எப்படி எழுதுவது?

புத்தகங்களில் பாதி மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. 1985இல் எரிந்துபோன அந்தக் கட்டடம் இருந்த இடத்திலிருந்துதான் இன்று கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்சார ரயில் புறப்படுகிறது. ஷிப்ட் முடிந்து இவர் அங்கே போவார், நானும் போவேன். கடைக்காரர் பாய் எங்களைக் கண்டதும் விலையைக் கூட்டிச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

முப்பத்தோராவது புத்தகம் 'தி ஃபாமிலி ஆஃப் மேன்'. 1955இல் நியூயார்க்கில் ஸ்டைக்கன் வைத்த கண்காட்சியின் மலிவுப் பதிப்பு; 68 நாடுகள், 503 படங்கள். எல்லா மனிதரும் ஒரே குடும்பம் என்று அது சொல்வதை ரோலான் பார்த் 1957இல் கிழித்துப் போட்டார்: பிறப்பும் சாவும் எல்லோருக்கும் பொது என்று காட்டிச் சரித்திரத்தை மறைக்கிற வித்தை அது என்று. நான் பார்த் கட்சி. நண்பர் கடைசிவரை ஸ்டைக்கன் கட்சி. ரயிலில் பொன்னேரி தாண்டியும் சண்டை ஓயாது. அட்டையைத் திறந்தேன். முதல் தாளில் நீல மையில் என் கையெழுத்து, 1984. அவரிடம் நான் வாங்கிய பத்து ரூபாய் கடன் அப்படியே இருக்கிறது, இந்தப் புத்தகம் அதற்கு ஈடல்ல, இது தனி என்று எழுதியிருக்கிறேன். சத்தியமாக மறந்தே போயிருந்தது.

மகன் எட்டிப் பார்த்தான். கொஞ்சம் தயங்கினான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஒரு தாளை மட்டும் பிளேடு வெச்சு எடுத்துட்டா, சுத்தமான பிரதின்னு போடலாமாம். போன்ல கேட்டேன்."

"எவ்வளவு கூட வரும்?"

"பெருசா ஒண்ணும் இல்ல. நூறு, இருநூறு."

தாளை எடுத்தால் அது என்னிடம் வரும், புத்தகம் யாரிடமோ போகும். எடுக்காவிட்டால் அவனுக்கு இருநூறு ரூபாய் நஷ்டம். இது அவன் அப்பாவின் சொத்து, என்னுடையது அல்ல. கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். லெவல் கிராசிங்கில் கம்பி ஏற்றிய லாரிகள் வரிசை கட்டியிருந்தன. திரும்பி வந்து அவனிடம் இருநூறும், தனியாக ஒரு பத்தும் கொடுத்தேன். பத்து எதற்கு என்று கேட்டான். தாளைப் படி என்றேன்.

பிறகு முப்பத்தோராம் எண்ணுக்கு எதிரே எழுதினேன்: அட்டை தேய்ந்தது, முதுகு ஒட்டியது, மூர் மார்க்கெட், 1984, முதல் தாளில் பரிசளித்தவர் எழுதியது ஐந்து வரி, முழுமையாக உள்ளது, கடன் அடைந்தது.