பிணைப்புக்குப் பொருள் கண்ட வரலாறு: எஸ்வி40 டி புரதமும் பி53 புரதமும்

நச்சுயிரிப் புரதங்கள் ஓம்புயிர்ச் செல்லின் புரதங்களோடு பிணைவது பற்றிய ஆய்வுகளில், எஸ்வி40 நச்சுயிரியின் பெரிய டி புரதமும் பி53 எனும் செல்புரதமும் கொள்ளும் பிணைப்பே முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்படுகிறது. அதன் வரலாற்றை ஆர்னல்டு லெவினும் மோஷே ஓரனும் 2009ஆம் ஆண்டு ‘நேச்சர் ரிவ்யூஸ் கேன்சர்’ இதழில் எழுதிய முப்பதாண்டு மீள்பார்வை மூன்று பத்தாண்டுகளாகப் பகுக்கிறது. முதற் பத்தாண்டில் பி53இன் மரபணு படியெடுக்கப்பட்டு, அது புற்றைத் தூண்டும் மரபணு அன்று, கட்டியை அடக்கும் மரபணு என்பது தெளிந்தது. இரண்டாம் பத்தாண்டில் அதன் பணி வெளிப்பட்டது. மூன்றாம் பத்தாண்டில் வளர்சிதைமாற்றம் முதலிய புதிய பணிகள் தெரியவந்தன. மீள்பார்வையாளர் இருவரும் அந்நிகழ்வுகளின் நடுவில் நின்றவர்கள். அவர்கள் தரும் நிகழ்வு வரிசையில் ஐயங்கொள்ள இடமில்லை.

ஐயம் எழுவது அப்பகுப்பு முன்னிறுத்தும் காரணத்தைப் பற்றியே. முதற் பத்தாண்டு மரபணுவின் வரலாறாகச் சொல்லப்படும்போது, 1984இல் பி53 புற்றுத்தூண்டியாகக் கருதப்பட்டதற்கும் 1989இல் அக்கருத்து கைவிடப்பட்டதற்கும் ஒரே காரணமே போதுமானதாகிவிடுகிறது: ஆய்வகங்களில் இருந்த மரபணுப் படிகள் திடீர்மாற்றம் உற்றவை, அது கண்டறியப்பட்டதும் பிழை நீங்கியது. இக்காரணம் உண்மை, ஆனால் முழுமையானது அன்று. அந்தப் படிகள் ஐந்தாண்டுக் காலம் ஐயமின்றி ஏற்கப்பட்டது ஏன் என்பதற்கு அது விடை தருவதில்லை. பிணைப்பு எனும் சான்று யார் யாரை ஆள்கிறார் என்பதைத் தானே சொல்வதில்லை என்பதும், அத்திசையை ஆய்வாளர்கள் வேறிடத்திலிருந்து பெறவேண்டியிருந்தது என்பதும் கவனிக்கப்பட்டால்தான் அந்த ஐந்தாண்டுகள் விளங்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1979ஆம் ஆண்டின் சான்று எத்தகையது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். எஸ்வி40ஆல் உருமாற்றப்பட்ட செல்களைக் கரைத்து, டி புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சேர்த்து வீழ்படிவாக்கி, வீழ்ந்த புரதங்களை மின்புலத்தில் அளவுவாரியாகப் பிரித்தபோது, டி புரதத்தின் பட்டையோடு ஏறத்தாழ 53,000 டால்டன் நிறையுள்ள மற்றொரு பட்டையும் தோன்றியது. கட்டி சுமந்த விலங்குகளின் குருதிநீரைப் பயன்படுத்தும்வரை இதற்கு எளிய விளக்கம் ஒன்று இருந்தது: அவ்விலங்கு இரு புரதங்களுக்கும் தனித்தனியே எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கலாம். மார்ச் மாதம் ‘நேச்சர்’ இதழில் வெளியான டேவிட் லேன், லயனல் கிராஃபோர்டு ஆகியோரின் கட்டுரை இவ்விளக்கத்தை விலக்கியது. தூய்மையாக்கிய டி புரதத்தை மட்டும் முயலுக்குச் செலுத்திப் பெற்ற எதிர்ப்பொருள் செல்புரதத்தைத் தனியே அறியாதது. எனினும் டி புரதத்தை வீழ்த்தும்போது செல்புரதமும் உடன்வந்தது. எனவே எதிர்ப்பொருள் பிடித்தது ஒன்றை, அந்த ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது மற்றொன்றை. மே மாதம் ‘செல்’ இதழில் டேனியல் லின்சரும் லெவினும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தனர். அவர்கள் 54,000 எனக் கணித்த புரதம் நச்சுயிரி தொற்றாத எலிக் கருப்புற்றுச் செல்களிலும் இருந்தது; நொதியால் துண்டாக்கியபோது கிடைத்த துண்டுகளின் அமைப்பும் ஒத்திருந்தது. ஆகவே அப்புரதத்துக்கான செய்தி நச்சுயிரியின் மரபணுத் தொகுதியில் இல்லை, செல்லின் தொகுதியில் உள்ளது. அதே ஆண்டு பிரான்சிலிருந்து கிரெஸ் முதலியோரும் இத்தகைய புரதத்தை அறிவித்தனர். டெலியோ முதலியோர் வேதிப்பொருளால் உண்டான எலிக் கட்டிகளில், நச்சுயிரிக்குத் தொடர்பே இல்லாத சூழலில், அதைக் கண்டனர். வெளியீட்டுத் திங்களை வைத்து இவற்றுள் முதன்மை ஒன்றை நாட்டுவது எளிது. ஆய்வு நடந்த வரிசையும் அதுவேதான் என்பதற்கு அத்திங்கள்கள் சான்றாகா.

இச்சான்றுகள் நிறுவியது உடனிருப்பை மட்டுமே. டி புரதம் செல்புரதத்தை ஏவுகிறதா, முடக்குகிறதா, அல்லது செல்புரதம் டி புரதத்தைக் கட்டுப்படுத்துகிறதா என்ற மூன்று வாசிப்புகளுக்கும் அப்பட்டைகள் சம அளவில் இடம் தந்தன. மூன்றாவது வாசிப்பும் வெறுங்கற்பனை அன்று. எலியின் பி53 புரதம் எஸ்வி40இன் மரபுப்பொருள் இரட்டிப்பைத் தடுக்கிறது என்பதும், செல்லின் டிஎன்ஏ பாலிமரேஸ் ஆல்ஃபாவும் பி53உம் டி புரதத்தைப் பற்றுவதற்குப் போட்டியிடுகின்றன என்பதும் 1987இல் ‘நேச்சர்’ இதழிலேயே வெளிவந்தன.

முதலாம் வாசிப்பின் பக்கம் தராசைச் சாய்த்தது அளவு பற்றிய செய்தி. ஓரன், மால்ட்ஸ்மன், லெவின் ஆகியோர் 1981இல் காட்டியபடி, இயல்பான செல்லில் விரைந்து சிதையும் இப்புரதம் எஸ்வி40ஆல் உருமாறிய செல்லில் நெடுநேரம் நிலைத்திருந்தது. அதற்கான தூது ஆர்என்ஏவின் அளவோ இரு செல்களிலும் பெரிதும் வேறுபடவில்லை. உருமாறிய செல்லில் மிகுந்திருப்பது உருமாற்றத்துக்கு உதவுவதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் இதிலிருந்து இயல்பாகவே எழுந்தது. 1982இல் சார்னோ முதலியோர், எஸ்வி40க்கு உறவில்லாத அடினோவைரசின் ஈ1பி புரதமும் இதே செல்புரதத்தோடு பிணைந்திருப்பதைக் காட்டினர். இரு வேறு நச்சுயிரிகள் ஒரே புரதத்தை நாடுவதால் அது முக்கியமானது என்பது உறுதியாயிற்று. ஆனால் முக்கியத்துவம் பெருகிய அளவுக்குத் திசை தெளியவில்லை. 1984இல் எலியாஹு முதலியோர், பரடா முதலியோர், ஜென்கின்ஸ் முதலியோர் ஆகிய மூன்று குழுக்களின் கட்டுரைகள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. பி53 மரபணுப்படி ராஸ் எனும் புற்றுத்தூண்டியோடு சேர்ந்து இயல்புச் செல்களை உருமாற்றுகிறது, அல்லது செல்லுக்கு ஓயாது பெருகும் இயல்பைத் தருகிறது என்பது அவற்றின் முடிவு.

இங்கே ஒரு திரிபை விரிவாக நோக்கவேண்டும். அந்நாளில் உருமாற்றச் சோதனைகளில் பயன்பட்ட படிகளுள் ஒன்று, தூது ஆர்என்ஏவிலிருந்து ஆக்கிய பகுதியையும் மரபணுத் தொகுதியிலிருந்து எடுத்த பகுதியையும் ஒட்டி அமைத்த எலி பி53 படி. அது உருமாற்றியது, எலிக் கருப்புற்றுச் செல்லிலிருந்து பெற்ற மற்றொரு படி உருமாற்றவில்லை. ஹைண்ட்ஸ், ஃபின்லே, லெவின் ஆகியோர் 1989இல் இவ்விரு படிகளையும் ஒப்பிட்டபோது, 135ஆம் இடத்தில் உருமாற்றாத படியில் அலனின் எனும் அமினோ அமிலமும் உருமாற்றும் படியில் வேலின் எனும் அமினோ அமிலமும் இருந்தன. அந்த ஓரிட மாற்றமே உருமாற்றும் ஆற்றலைத் தரப் போதுமானதாயிற்று. வழக்கமான வரலாறு இத்துடன் நின்று, பிழையான படி நீக்கப்பட்டதாக முடிக்கிறது.

இத்திரிபின் சான்றுமதிப்பு அதனினும் பெரிது. முதலாவதாக, மைக்கலோவிட்ஸ், ஹலெவி, ஓரன் ஆகியோர் 1990இல் காட்டியபடி, வேலின் கொண்ட இதே புரதம் 37.5 பாகை செல்சியசில் ராசோடு சேர்ந்து செல்லை உருமாற்றுகிறது, 32.5 பாகையில் உருமாற்றத்தைத் தடுத்துச் செல்பெருக்கத்தையே நிறுத்துகிறது. ஒரே அமினோ அமில வரிசை இரு வெப்பநிலைகளில் எதிரெதிர்ப் பணிகளைச் செய்யுமானால், வேறுபாடு வரிசையில் மட்டும் இல்லை, புரதம் மடிந்து கொள்ளும் வடிவத்திலும் இருக்கிறது. இரண்டாவதாக, உருமாற்றும் திரிபுகளில் பல டி புரதத்தோடு வலுவின்றிப் பிணைகின்றன அல்லது பிணைவதே இல்லை. அவை எச்எஸ்சி70 எனும் செல்லின் மடிப்புத்துணைப் புரதத்தோடு சேர்ந்திருப்பது 1988இலேயே அறியப்பட்டிருந்தது. டி புரதம் பற்றுவது இயல்பு வடிவத்தை. உருமாற்றுவது பி53இன் இயல்பான பணியென்றால், உருமாற்றத்தை நாடும் நச்சுயிரிப் புரதம் உருமாற்றும் வடிவத்தை விட்டு இயல்பு வடிவத்தைப் பற்றவேண்டிய தேவை இல்லை. முடக்கப்படவேண்டியது இயல்பு வடிவமாக இருந்தால் மட்டுமே இத்தேர்வு பொருந்துகிறது. இவ்வாறு, மரபணுப்படியின் பிழையாக மட்டும் எண்ணப்பட்ட திரிபு, பிணைப்பின் திசையைக் காட்டும் சான்றாகவும் நிற்கிறது.

படியின் பிழை மட்டுமே தடையாக இருந்ததென்றால், அப்படியைச் சாராத சான்றுகள் முன்பே எடுபட்டிருக்கவேண்டும். அத்தகைய சான்று இருந்தது. வுல்ஃபும் வார்தா ரோட்டரும் 1985இல், எச்எல்-60 எனும் மனித இரத்தப்புற்றுச் செல்களில் பி53 மரபணுவின் பெரும்பகுதி நீங்கி, புரதமே இல்லாதிருப்பதை அறிவித்தனர். ஃபிரெண்டு நச்சுயிரி உண்டாக்கிய எலி இரத்தப்புற்றுச் செல்களிலும் இம்மரபணு சிதைந்திருப்பது அதே ஆண்டு வெளிவந்தது. புற்றுச்செல் இப்புரதத்தை இழந்தும் வாழ்கிறது, ஒருவேளை இழந்ததால்தான் வாழ்கிறது என்ற வாசிப்புக்கு இவை இடமளித்தன. அது அப்போது பொதுக்கருத்தாகவில்லை. ஓரிரு செல்வகைகளின் செய்தி என அவை ஒதுக்கப்படக்கூடியவையாக இருந்தன என்பதை மறுக்கவியலாது. ஆயினும் ஒதுக்குவதற்கு எளிதாக இருந்ததே, மிகுதி என்றால் உதவி என்ற முன்கருத்து எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு அடையாளம்.

திசை வேறொரு பிணைப்பிலிருந்து வந்தது என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து. அடினோவைரசின் ஈ1ஏ புரதத்தோடு உடன்வீழும் செல்புரதங்களுள் 105,000 டால்டன் அளவுள்ள பட்டை ஒன்று 1980களின் நடுவிலேயே அறியப்பட்டிருந்தது. கண்விழித்திரைப் புற்றின் மரபுவழிப் பரவலால், இழப்பே நோய்க்குக் காரணம் என்று கருதப்பட்ட ஆர்பி மரபணு 1986இல் படியெடுக்கப்பட்டது. 1988 ஜூலையில், எட் ஹார்லோவும் ராபர்ட் வைன்பெர்க்கும் இடம்பெற்ற குழு அந்தப் பட்டையே ஆர்பியின் புரதம் என்று காட்டியது. அதே ஆண்டு டிகாப்ரியோ முதலியோர் எஸ்வி40இன் டி புரதமும் ஆர்பியைப் பற்றுகிறது என்றனர். பி53க்கும் ஆர்பிக்கும் சோதனைமுறை ஒன்றே. அறிவு வந்த வரிசைதான் வேறு. பி53 முதலில் பட்டையாக வந்தது, பின்னரே மரபணுவாயிற்று. ஆர்பியோ குடும்பங்களில் வழிவழியாக வந்த நோயின் வரலாற்றோடு, அடக்கி எனும் பொருளை முன்னமே பெற்று, அதன்பின் பட்டையோடு இணைந்தது. எனவே ஈ1ஏ ஆர்பியைப் பற்றுகிறது என்றவுடன், முடக்குவதற்கே பற்றுகிறது என்பது கேள்வியின்றி ஏற்கப்பட்டது. நச்சுயிரிப் புரதத்தின் பிணைப்புக்கு முடக்கம் எனும் பொருள் உண்டு என்பதற்கு இது முதல் உறுதியான எடுத்துக்காட்டு.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியது வலிமையானது. 135ஆம் இட ஒப்பீடு ஈ1ஏ செய்தியைச் சாராமலேயே நடந்திருக்கலாம். மனிதப் பெருங்குடற் புற்றில் 17ஆம் குரோமோசோமின் இழப்பை ஆராய்ந்து பேக்கர் முதலியோர் 1989இல் பி53ஐ அடைந்த வழியும் நச்சுயிரிகளைத் தொடாதது. ஆண்டுகளின் நெருக்கம் காரண உறவு ஆகாது. எனவே இங்கே கோரப்படுவது குறுகியது: ஈ1ஏ–ஆர்பி பிணைப்பு பி53இன் திடீர்மாற்றத்தைக் கண்டறியச் செய்தது என்பதன்று, கண்டறிந்த திடீர்மாற்றத்துக்குப் பொருள்கூற ஆயத்தமான சட்டகத்தைத் தந்தது என்பதே. 1989இல் ஃபின்லே, ஹைண்ட்ஸ், லெவின் ஆகியோர், இயல்பான பி53 உருமாற்றத்தை அடக்குகிறது என்று வெளியிட்டபோது, பத்தாண்டுக்கு முன் கண்ட பட்டைக்கு ஒரே வாசிப்பு எஞ்சியது. அவர்களே அக்கட்டுரைத் தலைப்பில் பி53ஐ இன்னும் முன்னோடிப் புற்றுத்தூண்டி என்றே குறித்திருப்பது, மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று என்பதைக் காட்டுகிறது.

மிகுதி எனும் முன்கருத்தை முற்றாக முறித்தது மனிதப் பாப்பிலோமா நச்சுயிரி. வெர்னஸ், லெவின், ஹவ்லி ஆகியோர் 1990இல், கருப்பைவாய்ப் புற்றோடு தொடர்புடைய 16, 18 ஆகிய வகைகளின் ஈ6 புரதம் பி53ஐப் பற்றுவதைக் காட்டினர்; அதே ஆண்டு ஷெஃப்னர் முதலியோர், பற்றப்பட்ட பி53 சிதைக்கப்படுகிறது என்றனர். ஈ6 தானே சிதைப்பதில்லை. ஈ6ஏபி எனும் செல்புரதத்தை இழுத்துவந்து, யூபிக்விட்டின் எனும் சிறுபுரதத்தை பி53இல் பொருத்தச் செய்து, செல்லின் சொந்தச் சிதைப்பு அமைப்புக்கு அனுப்புகிறது. டி புரதம் பற்றினால் பி53 மிகுகிறது, ஈ6 பற்றினால் மறைகிறது. பி53 செயலிழப்பது இரண்டிலும் ஒன்றே. கருப்பைவாய்ப் புற்றுச் செல்வழிகளை 1991இல் ஒப்பிட்டபோது, பாப்பிலோமா நச்சுயிரி உள்ளவற்றில் பி53 மரபணு திடீர்மாற்றமின்றி இருந்தது. நச்சுயிரி இல்லாத இரு செல்வழிகளில் அது திடீர்மாற்றம் உற்றிருந்தது. நச்சுயிரிப் புரதத்தின் பிணைப்பும் மரபணுத் திடீர்மாற்றமும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அக்காலத்தில் இல்லை. எனினும் செல்வழிகளின் எண்ணிக்கை சிறிது என்பதால் அதன்மேல் மிகை எடை ஏற்றலாகாது.

2006இல் லில்யெஸ்ட்ராம் முதலியோர் வெளியிட்ட படிக அமைப்பில், ஆறு டி புரதங்கள் சேர்ந்த வளையத்தோடு ஆறு பி53 மூலக்கூறுகள் பிணைந்திருந்தன. பி53 டிஎன்ஏவைத் தொடும் பரப்பையே டி புரதம் மூடியிருந்தது. 1979இன் பட்டைக்கு அணுநிலை விளக்கம் இவ்வாறு கிடைத்தது. இது முடக்கம் எனும் வாசிப்பை உறுதிசெய்கிறது. ஆனால் பி53 டி புரதத்தின் இரட்டிப்புப் பணியைத் தடுக்கிறது என்ற 1987இன் சான்றைப் பொய்யாக்குவதில்லை. ஒரே பிணைப்பு இரு புரதங்களையும் கட்டலாம். வரலாறு ஒரு திசையைத் தேர்ந்ததால் மற்றத் திசையின் சான்றுகள் துணைச்செய்திகளாகத் தாழ்ந்தன என்று மட்டுமே கூறமுடியும். பத்தாண்டுப் பகுப்பைத் திருத்தவேண்டிய இடமும் அதுவே: முதற் பத்தாண்டின் முடிவைப் பிழை நீங்கிய நாளாகக் குறிப்பதைவிட, ஒரு பிணைப்புக்கு இருந்த மூன்று பொருள்களில் ஒன்று வென்ற காலமாகக் குறிப்பதே சான்றுகளுக்கு நெருக்கமானது. அக்காலத்தின் தொடக்கத்தை 1985இல் வைப்பதா 1988இல் வைப்பதா என்பது, எச்எல்-60 செய்திக்கு எவ்வளவு எடை தரப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறும்.