தழையும் கலிங்கமும்: சங்கப் பாடல்களில் காதலுடையும் மணவுடையும்

சங்க மகளிரின் தழையுடையை நெசவுக்கு முற்பட்ட வாழ்வின் எச்சமாகக் கொள்ளும் வழக்கம் தமிழர் உடை வரலாற்றை எழுதுவோரிடம் உண்டு. இலையிலிருந்து மரவுரிக்கும், மரவுரியிலிருந்து பருத்திக்கும் மக்கள் படிப்படியாக உயர்ந்தனர் என்பது இக்கருத்தின் சாரம். ஆனால், ஒரே தொகைநூலுள்ளேயே தழையும் நெய்த துணியும் அருகருகே வழங்குகின்றன. ஆகவே, எது முந்தியது என்று கேட்பதைவிட, எந்தச் சூழலில் எது உடுக்கப்படுகிறது என்று கேட்பதே பாடல்களுக்கு நெருக்கமான வினாவாகும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று கபிலரின் நற்றிணை 359ஆம் பாடல். மலைநாடன் தழை தந்திருக்கிறான். அதனை உடுத்தால் தாய்க்கு அஞ்ச வேண்டும். திருப்பிக் கொடுத்தால் அவன் படும் துயருக்கு அஞ்ச வேண்டும். இவ்விரண்டு அச்சங்களுக்கும் இடையே தழை வாடிவிடுமோ என்பதே பாடலின் கவலை. அத்தழையோ எளிதில் கிடைத்ததன்று. வருடையும் பாயாத, தெய்வம் உறையும் மலைச்சரிவில் கொய்யப்பட்டது. பறித்த இலையும் பூவும் நெடுநேரம் தாங்கா. உடையின் இந்த இயல்பே தலைவியின் முடிவுக்குக் காலவரையறை ஆகிறது. துணியானால் பேழையில் மறைத்து வைத்துப் பின்னொரு நாள் உடுக்கலாம்; தழைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ‘கையுறை’ என்னும் துறையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது: ஏற்றால் இசைவு, மறுத்தால் விலக்கு. குறுந்தொகையின் முதற்பாடலில் தலைவன் கொணர்ந்த காந்தளைத் தோழி ஏற்கவில்லை. அம்மலர் தங்கள் குன்றிலேயே நிறைந்திருக்கிறது என்று நயமாகத் தவிர்க்கிறாள்.

தழை எப்போதும் ஆடவன் தந்ததாக இருப்பதில்லை. குறிஞ்சிப்பாட்டில் புனங்காக்கும் மகளிர் 99 வகைப் பூக்களைப் பறித்துப் பாறையில் குவித்தபின் தாமே தழை தைத்து உடுத்துகின்றனர். காட்டிலிருந்து எதை எடுப்பது, எதனோடு எதைத் தொடுப்பது என்னும் தேர்வு முழுவதும் அவர்களுடையது. நீண்ட அப்பூப்பட்டியலைப் புலவரின் தாவர அறிவுக்குச் சான்றாக மட்டும் படிப்போர் இத்தேர்வுரிமையைக் காணத் தவறுகின்றனர்.

திருமணச் சடங்கை விரித்துரைக்கும் அகநானூற்றுப் பாடல்கள் இரண்டிலும் (86, 136) உடை மாறுகிறது. நல்லாவூர் கிழாரின் 86ஆம் பாடலில் மகப்பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். சுற்றத்தார் அவளைத் தலைவனிடம் ஒப்படைக்கின்றனர். அன்றிரவு அவள் கோடிக் கலிங்கத்துள் ஒடுங்கிக் கிடக்கிறாள். புத்தாடையைக் ‘கோடி’ என்னும் வழக்கு இன்றும் நம் வீடுகளில் மறையவில்லை. விற்றூற்று மூதெயினனாரின் 136ஆம் பாடலிலும் தூய உடையும் உடல் முழுவதும் வளைத்த கலிங்கமும் பேசப்படுகின்றன. களவில் தழை தலைவியின் முடிவுக்குக் காத்திருந்தது. இங்கோ உடுப்பதா வேண்டாமா என்ற வினாவே எழவில்லை. கொடுத்தற்குரியோர் கொடுப்பதே கற்பு எனத் தொல்காப்பியக் கற்பியல் வகுத்த முறையோடு இது பொருந்துகிறது.

எனினும் 136ஆம் பாடலில் இலை முற்றிலும் நீங்கிவிடவில்லை. வாகையின் கவட்டிலையும் அறுகின் முகையும் வெண்ணூலோடு சேர்த்து மணமகளுக்குச் சூட்டப்படுகின்றன. இடையில் உடையாக இருந்த பச்சிலை இங்கே நூலோடு இணைந்து சடங்குப் பொருளாகிறது. பின்னர்த் தலைவன் கலிங்கத்தை நீக்கும்போது, மறைத்துக்கொள்ளும் வழியறியாத தலைவி ஆம்பல் தொடையலை விலக்கி, மலர் வேய்ந்த கூந்தலின் இருளுக்குள் தன்னை ஒளித்துக்கொள்கிறாள். நெய்த ஆடை கைவிட்ட நிலையில் பூச்சூடிய கூந்தலே அவளுக்கு மறைப்பாகிறது.

இம்முடிவுக்கு எல்லை உண்டு. இவ்விரு பாடல்களும் மருதத் திணையின. இரண்டிலும் பேசுபவன் தலைவன். ஊடற்காலத்தில் பழைய மணநாளை நினைவுகூர்கிறான். எனவே, அவை மணநிகழ்வின் நேரடிப் பதிவுகள் அல்ல. களவுக்காலத் தலைவி கலிங்கமே அணியவில்லை என்பதும் இதன் பொருளன்று. தழை குறிஞ்சிக்கு மட்டும் உரியதுமன்று. புறநானூறு 61இல் வயலில் உழைக்கும் கடைசியரும் தழை உடுத்துகின்றனர். அங்கே அது காதற்குறியன்று, அன்றாட உடை. புறநானூறு 271இல் மகளிர் இடையில் தழையாகக் கண்ட நொச்சியே போர்க்களத்தில் குருதி தோய்ந்து கிடக்கிறது.

ஒக்கூர் மாசாத்தனாரின் புறநானூறு 248ஆம் பாடலில் பேசுபவள் கணவனை இழந்தவள். வெள்ளாம்பலின் அல்லியரிசி இப்போது அவள் உணவு. இளமையில் அதே ஆம்பல் அவளுக்குத் தழையாக இருந்தது. இளமையை நினைக்கும் அவள் வாயில் கலிங்கத்தைப் பற்றிய சொல் ஒன்றும் இல்லை.