மதிப்பெண் குறைவா, தகுதிக் குறைவா? பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பலர் குழம்பும் இடம்

அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்ப முடிவுகள் வெளியாகும் நாளில், இடம் கிடைக்காத வீடுகளில் முதலில் எழும் பேச்சு "மேல்முறையீடு போட்டுப் பார்ப்போம்" என்பதுதான். போடலாம், தவறில்லை. ஆனால் இடம் ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பார்க்காமல் போடும் மேல்முறையீட்டில் பெரும்பாலும் காலம்தான் வீணாகிறது.

'புள்ளி பத்தவில்லை' என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, குறைந்தபட்சத் தகுதியே இல்லாதது. மற்றொன்று, தகுதி இருந்தும் போட்டியில் பின்தங்குவது. மேல்முறையீடு இரண்டாவதற்கு மட்டுமே உதவும். குறைந்தபட்சத் தகுதியை அது தளர்த்தாது.

எஸ்டிபிஎம் மாணவர் இளங்கலைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க, சராசரி மதிப்பெண் புள்ளி குறைந்தது 2.00 இருக்க வேண்டும். பொதுப் பாடத்திலும் வேறு இரண்டு பாடங்களிலும் 'சி' தேவை. மூயெட் தேர்வும் எழுதியிருக்க வேண்டும். இதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் எஸ்பிஎம் சான்றிதழும் மீண்டும் மேசைக்கு வருகிறது. மலாய்மொழியில் கிரெடிட், அதாவது 'சி' அல்லது அதற்கு மேல், கட்டாயம். 2013 முதல் எஸ்பிஎம் எழுதியவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சியும் கட்டாயம். எஸ்டிபிஎம்மில் 3.50 எடுத்தவர்கூட எஸ்பிஎம் மலாய்மொழியில் 'டி' வைத்திருந்தால் விண்ணப்பம் நகராது. ஆறாம் படிவத்தில் சேரும்போதே இதைக் கவனித்திருந்தால் மறுதேர்வு எழுதப் போதிய அவகாசம் இருந்திருக்கும். மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் எஸ்பிஎம் மறுதேர்வு வாய்ப்பு உண்டு. பிற பாடங்களைத் தனியார் தேர்வராகத் திரும்ப எழுதலாம். இரண்டு ஆண்டுச் சான்றிதழ்களைச் சேர்த்து ஏற்பார்களா என்பதைச் சேர விரும்பும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

போட்டியில் பின்தங்கியவர்களின் கணக்கு வேறு. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. எஸ்டிபிஎம்மில் 3.33 எடுத்து, புறப்பாடத்தில் 5 பெற்றவரின் மொத்தம் ஏறத்தாழ 79.9. 3.17 எடுத்து, புறப்பாடத்தில் 9 பெற்றவருக்கு 80.3. தேர்வில் பின்தங்கியவர் பட்டியலில் முன்னே போய்விடுகிறார். கழகக் கூட்டங்களுக்குப் பிள்ளையை அனுப்பாமல் டியூஷனுக்கு மட்டும் அனுப்பும் பெற்றோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எஸ்டிபிஎம்மில் முதல் இரண்டு பருவத் தாள்களைத் திரும்ப எழுதவும் வழி இருக்கிறது. 3.00ஐ 3.25 ஆக உயர்த்தினால் தகுதிப் புள்ளி 5.6 கூடும். மேல்முறையீட்டிலும் கேட்கும் துறையை மாற்றுவதுதான் பலன் தரும். முதல் சுற்றில் நிரம்பிவிட்ட துறையையே மறுபடி கேட்பதைவிட, தன் புள்ளிக்கு எட்டக்கூடிய துறையைத் தேர்ந்தெடுப்பது மேல்.

எஸ்பிஎம் முடிவே பலவீனமாக இருப்பவர்களுக்குத் தனியார் உயர்கல்விக்கூடங்களின் படிநிலை தெரிந்திருக்க வேண்டும். அடிப்படைக் கல்விக்குப் பொதுவாக ஐந்து கிரெடிட், டிப்ளோமாவுக்கு மூன்று, சான்றிதழ் படிப்புக்கு ஒன்று. தமிழ்மொழியில் வாங்கிய கிரெடிட்டும் இந்த எண்ணிக்கையில் சேரும். ஆனால் கணிதமோ அறிவியலோ குறிப்பாகக் கேட்கும் படிப்பில் அது அந்த இடத்தை நிரப்பாது. மூன்று கிரெடிட்டோடு டிப்ளோமாவில் சேர்ந்து, அதை நல்ல புள்ளியில் முடித்துப் பட்டப்படிப்புக்குப் போவது ஓராண்டோ இரண்டாண்டோ கூடுதலாகப் பிடிக்கும் பாதைதான். ஆனாலும் அது நேர்வழி. கைத்திறனில் நாட்டமுள்ளவர்கள் மலேசியத் திறன் சான்றிதழில் தொடங்கி, திறன் டிப்ளோமா வழியாகத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பட்டம் வரை போகலாம். நம் வீடுகளில் இன்னும் கடைசித் தேர்வாகவே பார்க்கப்படும் வழி இது.

வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு 'ஏபெல்' இருக்கிறது. மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் (எம்கியூஏ) கீழ் நடக்கும் இந்த முறையில், வேலை அனுபவத்தையும் முன்பு கற்றதையும் மதிப்பிட்டு நுழைவுத் தகுதி தருகிறார்கள். சான்றிதழ் படிப்புக்கு 19 வயது, டிப்ளோமாவுக்கு 20, இளங்கலைக்கு 21 நிரம்பியிருக்க வேண்டும். படிக்கப் போகும் துறையோடு தொடர்புடைய அனுபவம் தேவை. திறனறித் தேர்வு எழுத வேண்டும், அனுபவத்துக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கோப்பாகவும் ஒப்படைக்க வேண்டும். முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் இங்கே பயன்படும்.

எந்த வழியிலும் தளராத துறைகள் உண்டு. அடிப்படைக் கல்வி வழியாக மருத்துவம் போக நினைப்பவர் எஸ்பிஎம்மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் உள்ளிட்ட ஐந்து பாடங்களில் குறைந்தது 'பி' வைத்திருக்க வேண்டும். "அங்கே ஆள் இருக்கிறார், உள்ளே போட்டுவிடலாம்" என்று முகவர் யாராவது முன்பணம் கேட்டால், அப்பணம் பெரும்பாலும் திரும்பாது. தகுதியில்லாமல் சேர்க்கப்பட்ட மாணவரின் பட்டத்தைப் பிற்பாடு தொழில்முறை மன்றம் ஏற்காமல் போகும் அபாயமும் இருக்கிறது. சேமநிதிப் பணத்தை எடுத்துக் கட்டிய பிறகு இது தெரியவந்தால் தாங்குவது கடினம்.

கட்டணம் செலுத்துவதற்கு முன், அந்தப் படிப்பின் பெயர் எம்கியூஏவின் இணையப் பதிவேட்டில் இருக்கிறதா, அங்கீகாரம் முழுமையானதா தற்காலிகமானதா என்று பார்த்துக்கொள்ளலாம். தேடிப் பார்க்கக் கட்டணம் இல்லை. கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். பிடிபிடிஎன் கடனும் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் கிடைக்கும்.