மரல் வேறு, கற்றாழை வேறு

பாம்பை மருட்டுவதால் மரல் செடிக்கு மருள் என்று பெயர் வந்ததாம். வாசலில் வைத்தால் பாம்பு அண்டாது என்ற நம்பிக்கைக்கு இலக்கணச் சான்று தேடியவர்கள் கட்டிய கதை இது. இன்னொரு சாராரோ அதையே 'பாம்புக் கற்றாழை' என்று சொல்லி, உண்மைக் கற்றாழையோடு ஒரே இனமாக்கிவிடுகிறார்கள். ஹெந்தளை முதல் வெள்ளவத்தை வரை முன்வாசல் பூச்சாடிகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் குழப்பம் தொடர்கிறது. அயல்வீட்டுச் சிங்களவருக்கு இக்குழப்பம் இல்லை. அவர்களுக்கு மரல் நியந்த, கற்றாழை கோமாரிக்கா. பின்னது நம் நிகண்டுகளும் அறிந்த 'குமரி'யின் உறவு.

சங்கநூல் வழக்கு மரல். கலித்தொகையின் ஆறாம் பாட்டில், மழை பொய்த்த பாலையில் மரையா மேய்வது மரலை. புறநானூற்று 264ஆம் பாட்டில் நடுகல்லுக்குச் சூட்டும் செம்பூங்கண்ணி தொடுக்கப்படுவது மரலைக் கீறிய நாரால். மருள் என்பது பிற்கால உருவம். பிந்திய உருவத்தை வைத்து முந்திய சொல்லுக்கு வேர் காண்பது தலைகீழ்ப் பாடம். வடமொழி மூர்வாவே மரலாயிற்று என்போர், ஈற்று லகரம் எங்கிருந்து வந்தது என்று சொல்வதில்லை. வில்நாணுக்கு உதவிய நார் இரண்டு மொழியிலும் பெயர் பெற்றது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கற்றாழை பொதுப்பெயர்தானே, ஆனைக் கற்றாழை இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அதன் இலைவிளிம்பிலும் முள் உண்டு. தாழையின் அடையாளமே அந்த முள்விளிம்பு. கல்நிலத்துத் தாழை கற்றாழை ஆயிற்று. மரலின் விளிம்பிலோ விரலை ஓட்டினால் ஒரு முள்ளும் தட்டாது. இலையை ஒடித்தால் ஐயம் முழுதும் தீரும்: கற்றாழையில் மஞ்சட்பால் கசிந்து சோறு தெரியும், அந்தப் பால் காய்ந்ததே கரியபோளம், மரலில் வெண்ணார் இழை இழையாக இழுபடும். சோறு என்று நம்பி மரலை உண்பது ஆபத்து, அதில் சப்போனின் இருக்கிறது.

லின்னேயஸே 1753இல் இலங்கை மரலைக் கற்றாழை இனத்தில் வைத்தாரே எனலாம். வைத்தார், 1799இல் வில்டெனோ அதைப் பிரித்துச் சான்செவியேரியா ஆக்கினார், இன்றோ அது டிராசீனா. சாடியில் பெரும்பாலும் நிற்பது 1903இல் பிரேய்ன் பெயரிட்ட மேற்கு ஆப்பிரிக்க வகை. ஆயினும் நாரும் நிமிர்வும் ஒன்றே, பெயரும் ஒன்றாகலாம்.

மரத்துப்போதல் என்கிறோமே, அந்த 'மர' என்ற அடியே மரலுக்கும் மரத்துக்கும் தாய். விறைத்து நிற்கும் இலை. அந்த விறைப்பைத் தருவது நார். பரல், விரல் போல 'அல்' ஈறு பெற்று மரல் பிறந்தது என்பதே என் துணிபு. பாம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.