வைரஸ் என்னும் சொல்

லத்தீன் மொழியில் 'வைரஸ்' என்றால் நஞ்சு. 1798-இல் ஜென்னர் பசு அம்மைப் பாலையும் இச்சொல்லாலேயே குறித்தார். நோய் தரும் பொருள் என்பதே அவர் கருத்து.

1892-இல் ருஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலையின் சாற்றைப் பாக்டீரியா நுழைய இயலாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறும் நோய் பரப்பிற்று. பாக்டீரியா கக்கிய நஞ்சோ என ஐயுற்றார் அவர். ஐயம் இயல்புதானே! ஆயின் நஞ்சு நீர்க்க நீர்க்க வலி குன்றும். இதுவோ செடிக்குச் செடி மாறியும் குன்றாது பெருகிற்று. 1898-இல் இதனைத் தெளிந்த ஹாலந்து நாட்டுப் பெய்ஜெரிங்க், விந்தையாக, நஞ்சின் பெயரையே அதற்குச் சூட்டினார்! அஃது உயிருள்ள திரவம் என்பது அவர் துணிபு. 1935-இல் அமெரிக்கரான ஸ்டான்லி அதனைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். திரவக் கொள்கை தளர்ந்தது, பெயர் நிலைத்தது.

1984-இல் பிரெட் கோஹன் தம் ஆய்வுரையில் சில கணினி நிரல்களையும் அப்பெயராலேயே அழைத்தார். அவை பிற நிரல்களுள் புகுந்து தம்மைத் தாமே படியெடுத்தமையே காரணம்.